கேட்கிறவர் முதலில் சொல்ல வேண்டும்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பக்கத்துக் கதிரையில் இருந்தவர் என்னிடம் பேசிய முதல் வசனம் இதுதான்.

"எனக்கு மூலவியாதி பிள்ளை. நெடுக இருக்கேலாது. இடைக்கிடை எழும்பி நிண்டு வேலை செய்வன், பயப்பிடாதையும். உமக்கு என்ன வருத்தம்?"

எனக்கு ஒரு நோயும் இல்லை என்றேன். எரிச்சலாக இருந்தது. இன்னும் பெயர்கூடச் சொல்லவில்லை, அதற்குள் மூலவியாதி. "ஒண்டுமில்லையோ? குடுத்து வைச்சனீர்," என்றார். பிறகு எழுந்து, கணினியை ஒரு மட்டைப்பெட்டியின் மேல் தூக்கி வைத்து, நின்றபடியே வேலையைத் தொடங்கினார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் இப்போது இந்த நாட்டில் இல்லை. எழுதினால் கோபிக்கவும் மாட்டார். ஆனால் எழுதட்டுமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்காமல் ஒருவரின் பெயரை அச்சில் போடுவது மரியாதையில்லை. எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். முதலாளியும் அக்கா என்றுதான் கூப்பிட்டார், தான் வயதில் மூத்தவராக இருந்தும்.

எங்கள் அலுவலகம் யாழ்ப்பாண நகரில் ஒரு வாகன ரயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கடைகளுக்கும் ரியூட்டரி என்கிற தனியார் வகுப்புகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் இணையத்தளம் செய்து கொடுப்போம். அதில் சனம் நிரப்புகிற படிவங்களைச் செய்வது அக்கா. அவர் செய்வதை உடைத்துப் பார்ப்பது நான். எங்கே பிழை வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். பிழை கண்டுபிடிக்கச் சம்பளம் என்பது என் குணத்துக்குப் பொருத்தமான வேலை என்று அம்மா சொல்வாள்.

இணையத்தில் படிவம் நிரப்பியவர்களுக்குத் தெரியும். திருமணம் ஆகிவிட்டதா என்று கேட்கும். ஓம் என்று தொட்டால், துணையின் பெயரைக் கேட்டுக் கீழே இன்னொரு பெட்டி திறக்கும். இல்லை என்றால் திறக்காது. சில படிவங்களில் அந்தப் பெட்டி முதலிலிருந்தே தெரியும், ஆனால் சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடக்கும். தொட்டாலும் எழுத விடாது. எந்தப் பெட்டியை எப்போது திறப்பது, எதை ஒளிப்பது, எதைப் பூட்டிக் காட்டுவது என்பதில் அக்காவுக்கும் எனக்கும் கிழமைக்கு ஒரு சண்டை.

நான் பூட்டிக் காட்டுகிற கட்சி. பெட்டிகள் திடீரென்று தோன்றி மறைந்தால் சனம் மிரளும். என்ன வரப்போகிறது என்று முதலே தெரிந்தால் நல்லது. அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார்.

"பூட்டின பெட்டியைக் காட்டுறது, பந்தியிலை இருத்திப்போட்டு இலை போடாமல் விடுற மாதிரி. பிள்ளை இல்லாத ஒருத்திக்கு, பிள்ளையின்ரை பேர் எண்டு ஒரு சாம்பல் பெட்டியை என்னத்துக்குக் காட்டுறீர்? அவளுக்குத் தெரியாதோ தனக்கு அது இல்லை எண்டு?"

அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. ஆனாலும் சத்தம் போட்டேன்.

அவரை அறிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம், தன்னுடையதைச் சொல்லாமல் அவர் எவரிடமும் எதையும் கேட்க மாட்டார். சாப்பிட்டாயா என்று கேட்கவும் அப்படித்தான். "நான் காலமை சாப்பிடேல்லை, மாமியோடை கொழுவல். நீர் சாப்பிட்டனீரோ?" ஒரு நாள் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது முதலாளியிடம் போனார்.

"சேர், நான் நேற்று உங்களைப் பற்றி வீட்டிலை குறையாக் கதைச்சனான். நீங்கள் என்னைப் பற்றி ஏதும் கதைச்சனீங்களோ?"

முதலாளிக்குத் தேநீர் புரைக்கேறியது. கதைத்திருக்கிறார் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

இதனால் அவரோடு தனியே இருக்கப் பலருக்குப் பயம். அவர் சொல்லத் தொடங்கினால் முடிவில் தாங்களும் சொல்ல வேண்டி வரும். யாழ்ப்பாணத்தில் இது பழக்கமில்லாத விஷயம். இங்கே கேட்பது ஒரு பக்கம், சொல்வது மறுபக்கம். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற மனுசி உங்களுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்து முடித்திருப்பாள். இறங்கும்போது அவளுடைய பெயர்கூட உங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்குப் படிவம் செய்தோம். ஆணா பெண்ணா என்று கேட்கும். பெண் என்றால், கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று ஒரு பெட்டி திறக்கும். அச்சுவேலியில் ஒரு கிழவருக்கு அவருடைய கர்ப்பிணி மகள் படிவம் நிரப்பியிருக்கிறாள். தனக்கு நிரப்புகிற பழக்கத்தில் பெண் என்று தொட்டு, கர்ப்பம் என்றும் தொட்டுவிட்டு, பிறகு பிழையைக் கண்டு ஆண் என்று மாற்றியிருக்கிறாள். பெட்டி ஒளிந்துவிட்டது. அதற்குள் இருந்த பதில் ஒளியவில்லை. கர்ப்பிணிகளுக்கான பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கிழவருக்குக் குறுஞ்செய்தி போனது.

மன்னிப்புக் கேட்டு இன்னொரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும் என்றார் முதலாளி. அக்கா கேட்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் முன்னால் கிழவருக்கு அழைப்பு எடுத்தார்.

"ஐயா, உங்களுக்கு அந்த மெசேஜ் வந்தது என்ரை பிழையாலை. எனக்குக் கல்யாணம் முடிஞ்சு கனகாலம், பிள்ளை இல்லை. அப்பிடி ஒரு மெசேஜுக்கு நான் காத்துக்கொண்டிருக்க, அது உங்களுக்கு வந்திட்டுது. நீங்கள் என்னிலை கோவமோ?"

ஒலிபெருக்கியில் கிழவரின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"கோவமில்லை மோனை. மனுசிதான் ரண்டு நாளாச் சிரிச்சுக்கொண்டு திரியிறாள். உனக்கும் வரும். வந்தவுடனை எனக்கொருக்கா ஃபோன் அடி. எனக்கு வந்ததை உன்ரை பேருக்கு மாத்தி விடுறன்."

அக்காவும் சிரித்தார். பிறகு அன்று முழுவதும் கதிரையில் இருக்கவே இல்லை. சுவரைப் பார்த்தபடி நின்றே வேலை செய்தார். நான் ஒரு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது.

அந்த வருடக் கடைசியில் அம்மாவுக்கும் எனக்கும் வீட்டுப் பிரச்சினை வந்தது. நகரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர், மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், தை பிறக்க எழும்புங்கள் என்று சொல்லிவிட்டார். வேறு வீடு தேடி நடந்தோம். வீடுகள் இருந்தன. கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு கேட்டுப் போனால் முதலில் ஊர் எது என்று கேட்பார்கள். அது கேள்வியே இல்லை. அடுத்ததுதான் கேள்வி: "ஊரிலை எவடம்?" எந்த ஒழுங்கை, எந்தக் கோயிலடி, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கம். ஊரில் ஒவ்வொரு சாதியும் ஒவ்வொரு இடத்தில் இருப்பதால், இடத்தைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும். கேட்டவருக்கும் வாய் நாறாது. நாங்கள் எவடம் என்று உண்மையைச் சொன்னால், வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கக் கிடக்குது என்பார்கள். லண்டனில் இருக்கிற மகளைக் கேட்க வேண்டும் என்பார்கள். ஒரு மனிதர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவி தொலைந்துவிட்டது என்றார்.

அம்மா வேறொரு கோயிலின் பெயரைச் சொல்லத் தொடங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனம்மா பொய் சொல்லுறியள்?"

"ஒரு கோயிலின்ரை பேரைச் சொன்னா என்ன குறைஞ்சு போகுது? சாமி ஒண்டுதானே. உனக்கு இருக்க வீடு வேணுமோ, சண்டை வேணுமோ?"

எனக்கு இரண்டும் வேண்டும். பொய் சொல்லியும் வீடு கிடைக்கவில்லை. அந்தக் கோயிலடி ஆட்களைத் தெரிந்தவர்கள் எல்லா ஒழுங்கையிலும் இருந்தார்கள்.

அப்போதுதான் கோப்பாயிலிருந்து ஒரு வீட்டுத் தரகர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, நல்ல மரியாதையான பேச்சு. வாடகை வீடுகளுக்கு ஒரு இணையத்தளம் வேண்டும். வீட்டுக்காரர் ஒரு படிவம் நிரப்பி வீட்டைப் பதிவார். வீடு தேடுகிறவர் இன்னொரு படிவம் நிரப்புவார். அதில் ஒரு சின்ன விஷயம் வேண்டும் என்றார்.

"வீடு தேடுறவர் ஊரைத் தெரிவுசெய்த உடனை, கீழை ஒரு பெட்டி திறக்கவேணும். எவடம் எண்டு. அதை நிரப்பாட்டி அங்காலை போகேலாமல் இருக்கவேணும்."

"எவடம் எண்டு கேட்டு வீட்டைக் குடுக்கப் போறியளோ, பொம்பிளையைக் குடுக்கப் போறியளோ?" என்று கேட்டேன்.

"பிள்ளை, நீர் கொஞ்சம் வெளியிலை போய் இரும்," என்றார் முதலாளி.

வெளியே போய் ரயர் கடையின் படியில் இருந்தேன். தரகர் இறங்கிப் போனபோது முகம் கடுகடுவென்று இருந்தது. மேலே ஏறி, பெட்டியை வைக்கப் போகிறீர்களா என்று அக்காவிடம் கேட்டேன்.

"வைக்கிறன்."

"வெக்கமில்லையோ?"

"இருக்குது."

அதற்குப் பிறகு அந்தக் கிழமை முழுவதும் நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் தன் மாமியைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் சொல்லிப் பார்த்தார். நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படிவம் முடிந்து என்னிடம் பரிசோதிக்க வந்தது. வீடு தேடுகிறவராக உள்ளே போனேன். ஊரைத் தெரிவுசெய்தேன். பெட்டி திறக்கவில்லை. வேறு ஊர்களைத் தொட்டேன். ஒன்றுக்கும் திறக்கவில்லை. பிழையைக் கண்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை.

"வேலை செய்யேல்லை," என்றேன்.

"வேலை செய்யுது. வீட்டுக்காரரா உள்ளிட்டுப் பாரும்."

வீட்டுக்காரர் நிரப்புகிற படிவத்திலும் அதே கேள்வி இருந்தது. நீங்கள் எவடம்? விரும்பினால் மட்டும் எழுதலாம். நான் ஏதோ ஒரு ஒழுங்கையை எழுதிவிட்டு, மறுபடி வீடு தேடுகிறவராகப் போய் அந்த வீட்டைத் தெரிவுசெய்தேன். இப்போது பெட்டி திறந்தது. அதற்கு மேலே ஒரு வரி: 'வீட்டுக்காரர் தன் இடத்தைச் சொல்லியிருக்கிறார்.' அதன் கீழே நான் எழுதிய ஒழுங்கை. அதற்கும் கீழே: 'நீங்கள் எவடம்?'

வீட்டுக்காரர் சொன்னால் பெட்டி திறக்கும். சொல்லாவிட்டால் அப்படி ஒரு கேள்வி இருப்பதே வீடு தேடுகிறவருக்குத் தெரியாது.

தரகர் வந்து பார்த்துவிட்டுத் துள்ளினார். அன்று நான் அறைக்குள் இருந்தேன்.

"வீட்டுக்காரர் ஏன் எழுதவேணும்? அவையள் வீடு குடுக்கிறவை."

"கேக்கிறவை முதல் சொல்லத்தானே வேணும் ஐயா. அப்பதானே மற்றவைக்கும் சொல்ல மனம் வரும்."

"அவையளின்ரை இடம் ஆருக்குத் தேவை?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. இடம் என்னத்துக்குத் தேவை எண்டு சொன்னியளெண்டா, அதுக்கேத்த மாதிரி வைச்சுத் தாறன்."

தரகர் என்னைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். என்னத்துக்கு என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் பிறகு அது சாதி என்ற சொல்லாகிவிடும். சந்தனப் பொட்டுக்குக் கீழே வியர்த்தது.

"சரி, கிடக்கட்டும். வீட்டுக்காரர் எழுதுவினம்," என்றார்.

அவர் போன பிறகு முதலாளி என்னிடம் வந்து பொருமினார். "உம்மை வெளியிலை அனுப்பின அண்டைக்கே உம்மடை அக்கா அந்த மனுசனைக் கலைச்சிருப்பா. என்ன கேட்டவ தெரியுமோ? ஐயா, நான் இன்ன ஊர், பிள்ளையார் கோயிலடி, மேற்கு ஒழுங்கை, நீங்கள் எவடம் எண்டு. அவர் கோப்பாய் எண்டார். கோப்பாயிலை எவடம் எண்டு பிறகும் கேக்கிறா. நானோ வீடு தேடுறன், என்னட்டை ஏன் கேக்கிறியள் எண்டு அவர் ஏற, இவ சொல்லுறா, பெட்டியை எவ்வளவு நீட்டா வைக்கிறது எண்டு பாக்கத்தான் எண்டு."

முதலாளி சொன்னதில் எனக்கு ஒன்றுதான் காதில் நின்றது. பிள்ளையார் கோயிலடி, மேற்கு ஒழுங்கை. அந்த ஊரில் அந்த இடம் எது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தைச் சொல்கிறவருக்கு யாழ்ப்பாணத்தில் எவரும் சாவி தொலைந்துவிட்டது என்று சொல்ல மாட்டார்கள்.

இவ்வளவு காலம் பக்கத்தில் இருந்தும் அதை அவர் எனக்குச் சொன்னதில்லை. மூலவியாதியைச் சொன்னார், பிள்ளை இல்லாததைச் சொன்னார், மாமியைச் சொன்னார். இதைச் சொல்லவில்லை. சொன்னால் அது என்னைக் கேட்டதாகிவிடும். நான் சொல்ல வேண்டி வரும். அதனால்தான் என்னை வெளியே அனுப்பிய பிறகு சொல்லியிருக்கிறார். நான் ஒரு கிழமை அவரோடு கதைக்காமல் இருந்திருக்கிறேன். அவருடைய மேசைக்குப் போனேன். "மட்டைப்பெட்டி கிழிஞ்சு போச்சு, புதிசு கொண்டு வாறன்," என்றேன். "கொண்டு வாரும்," என்றார்.

படிவம் ஊரைத் திருத்திவிடவில்லை. வீட்டுக்காரர்கள் அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டுவிட்டு, தரகரிடம் தொலைபேசியில் சொன்னார்கள். தரகர் வீடு தேடிய என்னிடமும் அம்மாவிடமும் தொலைபேசியில் எவடம் என்று கேட்டார். பெட்டி செய்யாததை வாய் செய்தது. நான் ஒவ்வொரு நாளும் தளத்தில் வீடு பார்த்தேன், அலுவலகக் கணினியிலேயே, வேலை நேரத்திலேயே. மார்கழி முடிந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் அரியாலையில் ஒரு வீட்டைத் தொட்டேன். பெட்டி திறந்தது. மேலே வீட்டுக்காரர் எழுதியிருந்தார்: 'கடற்கரைப் பக்கம். மீன்பிடிக்கிற ஆக்கள். பிடிக்காதவர்கள் வரத் தேவையில்லை.'

அதற்குக் கீழே எனக்கான கேள்வி. பொய்ப் பெயர்களும் பொய் முகவரிகளும் எழுதி எழுதிப் படிவங்களை உடைக்கிறது என் தொழில். அந்தப் பெட்டியில் என் விரல் ஓடவில்லை. பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். திரையைக் கண்டிருப்பார். முகத்தை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, இல்லாத ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் தொலைபேசியைக் காட்டினேன். அம்மா இரண்டு தரம் வாசித்தாள்.

"எங்கடை இடத்தை எழுது," என்றாள்.

"எதை? அந்தப் பொய்க் கோயிலையோ?"

"விசர்க்கதை கதையாதை. வீட்டுக்காரர் தன்ரையை எழுதியிருக்கிறார் எல்லோ. உள்ளதை எழுது."

எழுதினேன். அடுத்த நாள் காலையே அழைப்பு வந்தது. ஒரு பெண்ணின் குரல். தரகரில்லை, வீட்டுக்காரியே. எப்ப வாறியள் என்று மட்டும் கேட்டார்.

தை பிறக்க முதல் குடிபோனோம். சாமான் ஏற்ற, பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்ரர் உழவு மெஷின் ஒன்று பிடித்திருந்தேன். அக்காவும் தன் ஸ்கூட்டியில் பின்னால் வந்தார். பாரம் தூக்கக்கூடாத மனுசி, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அம்மாவின் தையல் மெஷினின் மறுபக்கத்தைப் பிடித்து இறக்கினார். வீடு களப்பு என்கிற கடல்நீரேரிப் பக்கமாக இருந்தது. சின்ன வீடு, முன்னுக்கு ஒரு வேப்பமரம். வேலிக்கு மறுபக்கத்தில் வீட்டுக்காரம்மா இருந்தார். வயதான பெண். கை முழுக்க மீன் செதில்.

"பெட்டியிலை எல்லாத்தையும் எழுதியிருக்கிறியள்," என்று அவரிடம் சொன்னேன்.

"பேத்தியைக் கொண்டு எழுதிவிச்சனான். எழுதாட்டி வருவினம், வீட்டைப் பாப்பினம், கிணத்துத் தண்ணி நல்லமெண்டு குடிச்சும் பாப்பினம். பிறகு மீன் மணக்குதெண்டு ஓடுவினம். வந்து ஓடுறதிலும் பாக்க வராமல் ஓடட்டும்."

அம்மா சிரித்துவிட்டாள். அந்த மாதங்களில் அவள் சிரித்து நான் காணவில்லை.

வீட்டுக்காரம்மா எங்களை மதியம் சாப்பிட மறித்தார். கை கழுவிக்கொண்டு வந்து, வேப்பமரத்துக்குக் கீழே நின்ற அக்காவைப் பார்த்தார். முகத்தில் நல்ல சிநேகம்.

"நான் இந்தக் கரையிலைதான் பிறந்தனான். மனுசனும் இந்தக் கரைதான், களப்பிலை மீனுக்குப் போய்ச் செத்துப்போனவர். நீர் எவடம் பிள்ளை?"

வேறொருவர் தன்னுடையதைச் சொல்லிவிட்டு அக்காவிடம் கேட்டதை நான் அன்றுதான் கண்டேன். அக்கா வாயைத் திறந்தார். ஊரின் பெயர் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கழுத்திலிருந்து காது வரை சிவந்துவிட்டது. கையில் இருந்த துணி மூட்டையை மாற்றிப் பிடித்தார். பொய் சொல்ல அவருக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், மீன் மணக்குதென்று ஓடுகிறவர்களின் இடம் அந்த முற்றத்தில் வந்து விழும் என்று தெரிந்திருந்தது. கிழவரிடம், முதலாளியிடம், தரகரிடம் வந்த சொல் இந்த மனுசியிடம் வரவில்லை.

வீட்டுக்காரம்மா என் பக்கம் திரும்பினார்.

"உவ ஆர், உங்கடை ஆளோ?"

யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். உங்கள் சாதியோ என்று அர்த்தம். அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஓம் அம்மா," என்றேன். "எங்கடை ஆள்தான்."

"அப்ப ஏன் வெளியிலை நிக்கிறா? கூட்டிக்கொண்டு உள்ளை வாரும், சோறு ஆறப் போகுது."

அக்காவின் கையிலிருந்து மூட்டையை வாங்கினேன். அவர் அழுதுகொண்டிருந்தார். நடவுங்கோ என்று சொன்னேன், கொஞ்சம் கடுமையாகத்தான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு எனக்கு முன்னால் உள்ளே போனார்.